வலி போயிடுச்சு... எலும்பு சேர்ந்துடுச்சா? குழந்தைகளின் முழங்கை முறிவில் கவனம் தேவை!

விளையாடும்போது கையை ஊன்றி விழுகிறது குழந்தை. முழங்கை வீங்குகிறது. "சுளுக்குதான், நீவிவிட்டா சரியாயிடும்" என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போடுகிறோம். இரண்டு வாரத்தில் வலி குறைந்துவிடும். ஆனால், எலும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எந்த எலும்பு?

மேல்கை எலும்பின் கீழ்முனையில், முழங்கையின் வெளிப்பக்கம் இருக்கும் குமிழ் 'லேட்டரல் காண்டைல்'. 4 முதல் 10 வயதுக்குள்தான் இது அதிகம் உடைகிறது. அந்த வயதில் அதன் பெரும்பகுதி குருத்தெலும்பு, எக்ஸ்-ரேயில் தெரியாது. பெரிய துண்டே உடைந்திருந்தாலும், படத்தில் மெல்லிய கீற்றுதான் தெரியும். சந்தேகம் இருந்தால், கையைத் திருப்பிவைத்து சாய்வாக இன்னொரு எக்ஸ்-ரே எடுப்பார்கள்.

ஏன் சேர்வதில்லை?

குழந்தைகளின் எலும்பு சீக்கிரம் சேரும் என்பார்கள். இது விதிவிலக்கு. முறிவு மூட்டுக்குள் போவதால், மூட்டுத் திரவம் அதை நனைத்துக்கொண்டே இருக்கும். மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் இந்தத் துண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ரத்த ஓட்டமும் குறைவு. இதில் நீவியும் விட்டால், துண்டு இன்னும் விலகும்.

அப்படியே விட்டால்?

கை வெளிப்பக்கமாகக் கோணலாம். முழங்கையை இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பதுபோல் இருக்குமே, அந்த அல்னார் நரம்பு மெல்ல மெல்ல இழுபடும். பல ஆண்டுகள் கழித்து, விழுந்ததே மறந்துபோன பிறகு, சுண்டுவிரல் மரத்துப்போகும். கைப்பிடி தளரும்.

தாமதமாகப் போனால்?

சுமார் 3 வாரத்துக்குள் என்றால், பெரும்பாலும் புதிய முறிவைப்போலவே சிகிச்சை தரலாம். அதன் பிறகுதான் சிக்கல். துண்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவர திசுக்களைப் பிரித்தால், பின்பக்கமாக வரும் ரத்தக்குழாய்கள் அறுபட்டு எலும்பே செத்துப்போகலாம். அதனால் ஒருகாலத்தில், "ஆபரேஷன் செய்யாமல் விடுவதே மேல்" என்று கருதப்பட்டது.

இன்று பல மருத்துவர்கள் பின்பக்கத் திசுவைத் தொடுவதில்லை. துண்டு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு மட்டும் நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறார்கள். இடைவெளியில், பெரும்பாலும் இடுப்பிலிருந்து எடுத்த எலும்பை வைக்கிறார்கள். எக்ஸ்-ரே அழகாக இருக்க வேண்டும் என்பதல்ல. எலும்பு சேரணும், கை மடங்கி நீளணும். அதுதான் இலக்கு. கோணல் இருந்தால் எலும்பை வெட்டி நேராக்கலாம். நரம்பையும் இடம் மாற்றி வைக்கலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியது

முழங்கை வீங்கினால் நீவாதீர்கள். அன்றே எக்ஸ்-ரே எடுங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால், ஒரு வாரத்தில் மறுபடியும் காட்டுங்கள். உள்ளே துண்டு நகர்ந்திருக்கலாம். மாதங்கள் ஓடிவிட்டனவா? "இனி என்ன செய்ய?" என்று விட்டுவிடாமல், குழந்தைகள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் வழி இருக்கிறது.