வெப்சைட்டில் ஆர்டர் போட்டும் மெயில் வராதது ஏன்?

மளிகை மொத்த வியாபாரிகள் பலர் சொந்தமாக வெப்சைட் வைத்து, அதில் ஆர்டர் படிவமும் வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் பெயர், மெயில் முகவரி, வேண்டிய சரக்கு ஆகியவற்றை எழுதி பட்டனை அழுத்தினால் கடை மெயிலுக்கு வந்து சேர வேண்டும். ஒரு தீபாவளி சீசனில் என் கடைக்கு வரவில்லை. வழக்கமாக நெய், முந்திரி எடுக்கும் ஸ்வீட் ஸ்டால்காரர், "அண்ணாச்சி, நாலு நாளைக்கு முன்னே ஆர்டர் போட்டேன், சரக்கு வரலையே" என்று போன் செய்தார். அவசரத்துக்கு வேறு கடையில் வாங்கிக்கொண்டார். வெப்சைட் பதிவேட்டையும் மெயிலையும் ஒப்பிட்டபோது, யாகூ முகவரி கொடுத்தவர்கள் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை என்று தெரிந்தது. மற்றவை வந்திருந்தன, அதிலும் சில ஸ்பாமில் கிடந்தன.

கோளாறு படிவத்தை எழுதிய முறையில் இருந்தது. பதில் போட வசதியாக இருக்கட்டும் என்று, அனுப்புநரைக் குறிக்கும் 'ஃப்ரம்' வரியில் வாடிக்கையாளரின் முகவரியையே போட்டிருந்தார் புரோகிராம் எழுதியவர். ஆனால் மெயில் புறப்படுவதோ நம் வெப்சைட் சர்வரிலிருந்து. அடுத்த கடை லெட்டர்பேடில் நாம் பில் போடுவது போலத்தான். யாகூ தன் பெயரில் வேறு சர்வரிலிருந்து வரும் மெயிலை ஏற்க வேண்டாம் என்று 2014 ஏப்ரலில் உலகுக்கு அறிவித்துவிட்டது. இந்த அறிவிப்பு முறைக்கு 'டிமார்க்' என்று பெயர். அதை மதிக்கும் மெயில் நிறுவனங்கள் அந்தக் கடிதத்தை வாசலிலேயே திருப்பிவிடுகின்றன.

சரி செய்வது சுலபம். 'ஃப்ரம்' வரியில் எப்போதும் நம் கடையின் சொந்த டொமைன் முகவரியே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முகவரியை 'ரிப்ளை-டூ' வரியில் போட வேண்டும். நாம் பதில் பட்டனை அழுத்தினால் அது நேரே அவருக்குப் போய்விடும்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. கடிதத்தினுள் இருக்கும் அனுப்புநர் வேறு, கவரின் மேல் இருக்கும் அனுப்புநர் வேறு. போய்ச் சேராத மெயில் திரும்பி வருவது கவர் முகவரிக்குத்தான். பி.எச்.பி.யின் மெயில் கட்டளையில் இதைத் தனியாகக் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் சர்வரின் பெயரே போய்விடும். திரும்பிய மெயில் யார் கண்ணிலும் படாது. பில் போகவில்லை என்பதே நமக்குத் தெரியாது.

நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை உண்டு என்பதை டொமைன் பதிவில் எழுதுவது 'எஸ்.பி.எஃப்.' ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம். புதிதாக மெயில் சர்வீஸ் சேர்த்தால் பழைய வரியிலேயே சேர்க்க வேண்டும்; இரண்டாவது வரி போட்டால் இரண்டும் செல்லாது. கடிதத்துக்கு டிஜிட்டல் முத்திரை வைப்பது 'டி.கே.ஐ.எம்.' 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இவ்விரண்டில் ஒன்றாவது வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும், டிமார்க்கும் கட்டாயம். நம்மில் அவ்வளவு அனுப்புவோர் குறைவுதான். ஆனாலும் மூன்றையும் வைத்துக்கொள்வதில் செலவொன்றும் இல்லை.

விஷமிகள் விஷயமும் உண்டு. பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு வரி முறிவைப் புகுத்தி, அதன் கீழே நூற்றுக்கணக்கான முகவரிகளை மறைநகலாகச் சேர்த்து, நம் படிவம் வழியாகவே கண்ட விளம்பரத்தை அனுப்புவார்கள். கெட்ட பெயர் நம் சர்வருக்கு. பெயர், முகவரிக் கட்டங்களில் வரி முறிவு இருந்தால் படிவம் ஏற்கக் கூடாது என்று புரோகிராம் எழுதுபவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தலைப்பு தமிழில் இருந்தால் யூ.டி.எஃப்.-8 முறையில் குறியீடாக்கி அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'விலைப் பட்டியல்' என்பது கேள்விக்குறி வரிசையாகப் போய் நிற்கும்.

சோதிக்க நிபுணர் வேண்டாம். படிவத்திலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் வரவழையுங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். 'ஃபெயில்' என்றிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து வெப்சைட் செய்தவரிடம் கொடுங்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்பே.