விளையாட்டுப் பெட்டியில் ‘கை வைத்தால்’ கதவடைப்பு! பழசு வாங்குவோர் உஷார்!

தேவாரம்,

“தம்பி, நூறு கேம் உள்ளேயே இருக்கு. இனிமே காசு குடுத்து கேம் வாங்கவே வேணாம்!”

பழைய ‘வீடியோ கேம்’ பெட்டியை யாராவது இப்படி ஆசை காட்டி விற்றால் உஷார்! வீட்டுக்குக் கொண்டுவந்து ‘நெட்’ இணைப்புக் கொடுத்த பிறகு அது பாதிப் பெட்டியாகிவிடலாம்.

புதுப் பெட்டி பல ஆயிரம் ரூபாய். ஏலத்தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து மகனுக்கு வாங்கித் தரும் தகப்பனுக்குப் பழசுதான் கட்டுப்படியாகும். ஏமாந்தால் போனது போனதுதான்!

பூட்டு உடைப்பு

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு மட்டுமே ஓட வேண்டும் என்று கம்பெனிகள் பெட்டிக்குள் ஒரு ‘பூட்டு’ வைத்திருக்கின்றன. சிப் பொருத்தியோ, சாப்ட்வேரை மாற்றியோ அதை உடைப்பதுதான் ‘மாட்’ வேலை. ஆனால் நெட்டில் ஏறியதும் கம்பெனியின் கம்ப்யூட்டர் மோப்பம் பிடித்துவிடும்.

2009 நவம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனி, பூட்டு உடைத்த ‘எக்ஸ்பாக்ஸ் 360’ பெட்டிகளை ஒரே வீச்சில் ஆன்லைனில் இருந்து விரட்டியது. 10 லட்சம் பெட்டி வரை இருக்கும் என்று அப்போது செய்தி வந்தது.

2025 ஜூனில் ‘நிண்டெண்டோ ஸ்விட்ச் 2’ வெளியானது. நகல் விளையாட்டு ஓட்டும் கார்ட்ரிட்ஜைச் செருகியவர்களுக்கு அதே மாதத்திலேயே தடை! ஒவ்வொரு அசல் கார்ட்ரிட்ஜுக்கும் தனி ரகசிய அடையாளம் உண்டு. ஒரே அடையாளம் இரண்டு பெட்டியில் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தண்டனை யாருக்கு?

இங்கேதான் சிக்கல். தடை பெட்டிக்கு! உடைத்தவன் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான், வாங்கியவர் மாட்டிக்கொள்வார். புதுக் கணக்குத் தொடங்கினாலும், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்தாலும் தடை நீங்காது. தனியாக விளையாடலாம்; நண்பர்களுடன் ஆன்லைனில் மோத முடியாது.

கோர்ட்டு வரை போனது

2012-ல் சோனி கம்பெனி டெல்லி ஐகோர்ட்டுப் படி ஏறியது. ‘பிளே ஸ்டேஷன்’ பூட்டை உடைத்துத் திருட்டு விளையாட்டு ஓட வைத்ததாகச் சில வியாபாரிகள் மீது வழக்கு. அந்த வேலைக்குக் கோர்ட்டு தடை போட்டது. அதே ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 65-ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்துடன் இப்படிப் பூட்டு உடைத்தால் 2 ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு.

வாங்கும் முன்...

* விற்பவர் முன்னாலேயே செல்போன் ‘ஹாட்ஸ்பாட்’ கொடுத்து ஆன்லைன் கடையைத் திறந்து பாருங்கள். ஸ்விட்ச் 2-ல் ‘2124-4508’ என்ற எண் வந்தால் தடை விழுந்த பெட்டி!

* “நெட்டுல மட்டும் போடாதீங்க” என்று சொன்னால் வாங்கவே வேண்டாம். இன்னும் மாட்டவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

* பில், விற்றவர் அனுப்பிய ‘வாட்ஸ்அப்’ தகவல், போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கித் தடைக்கு ஆளான ஒருவர், வாங்கிய ஆதாரத்தைக் காட்டித் தடையை நீக்கிக்கொண்டதாக 2025-ல் செய்தி வந்தது.

நூறு விளையாட்டு இலவசம் என்றால், அதன் விலையை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும். அது உங்கள் பிள்ளையாக இருக்க வேண்டாம்!