மலையேறும் சாலைகள் – 11: ஒன்பதாவது வளைவு

போன வாரம் ஆழியாறு அணையைத் தாண்டி, குரங்கு அருவியோடு நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு மற்றதெல்லாம் நினைவிருக்கும். புதிதாக ஏறிக்கொள்பவர்கள், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

புதுத்தோட்டத்துச் சோலை மந்திகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வண்டி ஒன்பதாவது வளைவில் நின்றது. எழுத உட்கார்ந்தபோது என் மனமும் அங்கேயே நின்றுவிட்டது. மந்திகளிடம் போய்ச் சேர இன்னும் முப்பத்தொரு வளைவுகள் இருக்கின்றன. அங்கே பார்த்த வரையாட்டை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை மாதம், காலை ஏழரை மணி. கீழே நல்ல வெயில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சித் தென்னைகளை ஒரே பக்கமாகச் சீவி விட்டுக்கொண்டிருந்தது. மழைக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இந்தப் பாதையில் எத்தனை தடவை ஏறியிருப்பீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். "எண்ணுனதில்லீங்க. வளைவைத்தான் கவர்மென்டே எண்ணிப் போர்டு வெச்சிருக்குதே" என்றார். ஒவ்வொரு வளைவிலும் எதிரே இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க, ஏறும் வண்டியான எங்களுக்கு வழி கிடைத்தது. மலைப்பாதையில் ஏறுகிறவனுக்கே முதல் வழி. சமவெளியில் ஒருவரை ஒருவர் முந்தித் தள்ளும் அதே ஆட்கள், இந்த ஒரு விதியை இங்கே மதிக்கிறார்கள்.

ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் வியூ என்று பெயர். இந்த மலைப்பாதையை அமைத்த பொறியாளர் லோமின் நினைவாக வந்த பெயர். அங்கிருந்து பார்த்தால் ஆழியாறு நீர்த்தேக்கம் காலடியில் கிடக்கிறது. அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள், அதற்கும் அப்பால் வெளிறிய சமவெளி. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படம் எடுக்கிறார்கள். ஓட்டுநர் என்னை மறுபக்கம் திருப்பினார்.

"கதவை அடிச்சுச் சாத்தாதீங்க சார். மெதுவா இறங்குங்க. மேல பாருங்க."

சாலைக்காக வெட்டிய பாறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, ஒரு கடா நின்றிருந்தது. நின்ற இடம் என் உள்ளங்கை அகலம்கூட இராது. உடம்பெல்லாம் கரும்பழுப்பு. முதுகில் மட்டும், குதிரைக்குச் சேணம் போட்டதுபோல, வெள்ளி நரை. வயது முதிர்ந்த ஆணுக்குத்தான் அந்த நரை வரும். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இதைச் 'சேடில்பேக்' என்று அழைத்தது இதனால்தான். கீழே இரண்டு பெட்டைகளும் ஆறேழு மாதக் குட்டி ஒன்றும் புல் கடித்துக்கொண்டிருந்தன. வரையாடுகள் பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலுள்ள புல்வெளிகளிலும் பாறை முகடுகளிலும் வாழ்பவை. இந்த வளைவோ வால்பாறை ஊரைவிடத் தாழ்வானது. செங்குத்தான பாறையும் புல்லும் சேர்ந்து கிடைப்பதால் இங்கே ஒரு கூட்டம் நிலைத்துவிட்டது. சாலை போட வெடிவைத்துப் பிளந்த சுவரையும் அவை தங்கள் பாறையாகவே எடுத்துக்கொண்டன.

குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலம் இணை சேரும் பருவம். மற்ற மாதங்களில் தனியாகத் திரியும் பெரிய கடாக்கள் பெட்டைகளின் கூட்டத்துக்கு வருவதும் அப்போதுதான். வரையாட்டைப் பார்க்க ஜூலைப் பயணம் நல்லது என்று நான் சொல்வது அதனால்தான். மழையும் கடாவும் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

இனி, இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

தார் என்ற பெயரில் மூன்று விலங்குகளை உலகம் நெடுநாள் ஒரே குடும்பமாக எண்ணி வந்தது. இமயமலையில் ஒன்று, அரேபியாவின் ஓமான் மலைகளில் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்று. 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ரோப்பிக்கே, அசானின் இருவரும் மூன்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மூன்றும் உடன்பிறப்புகள் அல்ல என்று தெரிந்தது. இமயத்துத் தார் வெள்ளாட்டின் பக்கம் போனது. அரேபியத் தார் வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டோடு சேர்ந்தது. நம் வரையாடு செம்மறியாட்டுக்கு நெருங்கிய சொந்தம்! அதன்பிறகு அதற்கென்றே தனிப் பேரினம் வகுத்து, நீல்கிரிட்ராகஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பேரினத்தில் வேறு எந்த விலங்கும் கிடையாது.

காட்டு வெள்ளாடு, ஐபெக்ஸ் என்றெல்லாம் வெள்ளைக்காரர்கள் அதற்குப் பெயர் சூட்டி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளாட்டுப் பட்டியிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். தமிழில் மலைவாசிகள் வைத்த பெயர் வரையாடு. வரை என்றால் மலை, ஆடு என்றால் ஆடு. நம் மொழியில் ஆடு என்ற சொல் வெள்ளாட்டையும் குறிக்கும், செம்மறியையும் குறிக்கும். மரபணு ஆய்வு வந்து அறிவியல் பெயரை மாற்றியபோதும், வரையாடு என்ற பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. இந்த விலங்கை முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் ஓகில்பி, 1838இல். அவர் வைத்த சிற்றினப் பெயர் ஹைலோகிரியஸ். கிரேக்கத்தில் ஹைலே என்றால் காடு, கிரியோஸ் என்றால் செம்மறிக்கடா. ஆக, காட்டுச் செம்மறிக்கடா. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் அவர் பேனா சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இன்றைய முழுப் பெயரைப் பாருங்கள், நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ். டிராகோஸ் என்றால் கிரேக்கத்தில் வெள்ளாட்டுக் கடா. முன்பாதி வெள்ளாடு என்கிறது, பின்பாதி செம்மறி என்கிறது. நூற்றைம்பது ஆண்டு வழக்கு மொத்தமும் ஒரே பெயருக்குள் இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1842இல், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் எட்வர்ட் கிரே இதே விலங்குக்கு வேறொரு பெயர் வைத்தார்: வர்ரியாட்டோ. உரக்கச் சொல்லிப் பாருங்கள். வரையாடு! லண்டனில் உட்கார்ந்து ஒரு தமிழ்ச் சொல்லை அப்படியே லத்தீன் பெயராக்கியிருக்கிறார். முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது விலங்கியலில் விதி. ஆகவே ஓகில்பியின் பெயர் நின்றது. வர்ரியாட்டோ பழைய நூல்களின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் தங்கிவிட்டது. அதை அச்சில் கண்ட இரவு, வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்லலாமா என்று இருந்தது.

கடைசியாக ஒன்று. சங்க இலக்கியத்தில் மலை ஆட்டுக்கு வருடை என்று பெயர். பரிபாடலில் வையையைப் பாடும் பதினோராம் பாடல் கோள்களின் நிலையை விரிவாகச் சொல்கிறது. அங்கே மேட ராசியைக் குறிக்கும் சொல் எது தெரியுமா? வருடை. கிரேக்கர்கள் அதே ராசியை அழைத்த பெயர் கிரியோஸ். மதுரைப் புலவர் வானத்து ஆட்டுக்கு நம் மலை ஆட்டின் பெயரை வைத்தார். ஓகில்பி நம் மலை ஆட்டுக்கு வானத்து ஆட்டின் கிரேக்கப் பெயரை வைத்தார். இருவருக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி. ஒருவரை ஒருவர் அறிய வழியே இல்லை.

ஒன்பதாவது வளைவில் நிற்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த முதல் சாட்சி, அதே பாதையில் இன்னும் மேலே, அட்டகட்டியில் டீ குடித்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். சமவெளியில் பட்டி போட்டு ஆடு மேய்த்தவர். மகள் தோட்டத்தில் வேலைக்கு வந்ததால் மலைக்கு வந்தவர். "ஏனுங்கய்யா, கீழே பாறையில நிக்குதே, அது வெள்ளாடா செம்மறியா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"கெடாவுக்குத் தாடி இருக்குதுங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்பறம் என்னத்துக்குங்க வெள்ளாடுங்கறீங்க?" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

தாடியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இமயத்துத் தாருக்கும் தாடி கிடையாது. அதுவோ வெள்ளாட்டுக் கூட்டம். ஆனாலும் அந்தப் பெரியவரின் கேள்வி எனக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்டிராவிட்டால் நான் நூல்களைப் புரட்டியிருக்க மாட்டேன்.

வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1975இல் அதன் எண்ணிக்கையையும் வாழிடத்தையும் ஆராய்ந்தவர் நீலகிரியில் வாழ்ந்த இ.ஆர்.சி. டேவிதார். அவரைப் போற்றும் வகையில் அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022இல் அரசு வரையாட்டுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. கேரளத்தோடு சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பகுதியில் 2024இல் 1,031 ஆடுகளும், 2025இல் 1,303 ஆடுகளும் எண்ணப்பட்டன. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் கூட்டம் இதைவிட அதிகம். அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் சிலதான் ஒன்பதாவது வளைவில், பேருந்து ஹாரனுக்கு நடுவே, நம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கின்றன. தயவுசெய்து பிஸ்கட் நீட்டாதீர்கள். நான் நின்ற அரைமணி நேரத்தில் இரண்டு வண்டிகளிலிருந்து நீட்டினார்கள். அந்த ருசிக்காகச் சாலைக்கு இறங்கும் ஆடு, வளைவில் திரும்பும் லாரியை எப்படிக் கணிக்கும்?

பிஸ்கட்டை மறந்து எல்லோரும் மேலே பார்த்த ஒரு நிமிடமும் வந்தது. மேகம் இறங்கத் தொடங்கியது.

வளைவுக்கு மேலே, மலை முகட்டிலிருந்து, வெண்மேகம் அருவிபோல் சரிந்தது. ஓசையில்லாத அருவி. பாதி மலை வரை வந்து காணாமல் போனது. மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, அடியில் மட்டும் ஒரு கோட்டைத் தாண்டவில்லை. தென்மேற்குக் காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. சுமையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமும், முகட்டுக்குப் பின்னுள்ள வால்பாறை மேட்டிலும் கொட்டிவிடுகிறது. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு அந்த மேட்டில்தான் இருக்கிறது. மிச்ச மேகம் முகட்டைத் தாண்டி ஆழியாறு பக்கம் விழுகிறது. இறங்கும் காற்று சூடேறும். துளிகள் வற்றியபின் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் ஏறும். அந்தச் சூட்டில் மேகம் கரைகிறது. அது கரையும் உயரம்தான் நாங்கள் பார்த்த கோடு. பொள்ளாச்சியில் வெயில் காய்ந்ததற்கும் மேலே மழை கொட்டியதற்கும் ஒரே காற்றுதான் காரணம்.

"இது இங்க வராதுங்க சார். நாமதான் அதுக்குள்ள போகோணும்" என்று ஓட்டுநர் சாவியைத் திருகினார்.

அட்டகட்டியைத் தாண்டியதும் உள்ளே போனோம். வெளிச்சம் மங்கியது, கண்ணாடி வியர்த்தது, தூறல் மழையானது. கவர்க்கல்லை நெருங்கும்போது முன்விளக்குகளுக்கு அப்பால் பத்தடிதான் தெரிந்தது. இங்கே எல்லோரும் மிஸ்ட் என்றே சொல்கிறார்கள். மூடுபனி என்றால் மார்கழிக் காலையின் நினைவு வருகிறது. கவர்க்கல்லின் மிஸ்ட் அப்படிப்பட்டதல்ல. அது நடக்கிற மேகம், சாலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. ஓட்டுநர் இரண்டாம் கியரிலேயே போனார். தேயிலைச் சரிவின் ஓரத்தில் கரிய பாறை ஒன்று தெரிந்தது. அருகே போனதும் பாறை தலையைத் தூக்கியது. காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை, முதுகில் மழைநீர் வழிகிறது. எங்களைப் பார்த்தது, மீண்டும் குனிந்து மேய்ந்தது.

ஓட்டுநர் தள்ளி நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மழைச் சத்தத்துக்குள் எங்கோ ஒருவர் சீட்டியடிப்பது கேட்டது. ஏறி இறங்கி, ராகம் பிடிபடாத ஒரு மெட்டு. சீகாரப் பூங்குருவி. மழைக்காலம்தான் அதற்குப் பாட்டுக்காலம். ஐந்து நிமிடம் கேட்டிருப்போம். காட்டுமாடு ஒருமுறைகூடத் தலை தூக்கவில்லை.

"கெளம்பலாங்களா?" என்றார் ஓட்டுநர். கிளம்பினோம்.

புதுத்தோட்டத்தில் மந்திகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களும், அதில் முதலில் கால் வைக்கத் தயங்கிய கூட்டமும் அடுத்த வாரம்.