உத்திரமேரூரும் சுற்றுலா முதலும்

காஞ்சிமாநகர்க்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உத்திரமேரூர். அஃது எனது ஊர். பேருந்து நிலையத்திற்கு அணித்தாக, வைகுந்தப் பெருமாள் கோயில் என்னும் சிறு கோயில் ஒன்று ஆங்குளது. அதன் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தன, ஊர்ச்சபையின் வாரியத்தாரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையினை விரித்துரைக்கின்றன. பள்ளியிற் படித்தோர் எவரும் இதனைப் பாடமாக அறிவர். 2020-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் புதுதில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்திற்கு அடிக்கல் நாட்டிய பொழுது, பிரதமரும் இவ்வூரின் பெயரை எடுத்துரைத்தனர்.

இத்துணைப் புகழ் கேட்டு இவ்வூரைக் காண வருவோர் என் செய்கின்றனர்? வண்டியினின்றும் இறங்குவர், சுவரை நோக்குவர், எழுத்தைப் படிக்க இயலாமையின் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்வர், கால் மணி நேரத்தில் மீண்டும் வண்டியேறுவர். பகலுணவு காஞ்சியில், இரவுத் தங்கல் மாமல்லபுரத்தில். ஒரு குவளைத் தேநீரின் விலையொழிய அவர்தம் பொருள் யாதும் எம்மூரில் தங்குவதில்லை.

இங்ஙனம் வருவோரை முன்னிட்டு எவ்வகை முதல் இடுதற்கு எம்மூரில் இடமுண்டு, இட்ட முதலின் ஊதியம் எவர் கையிற் சேரும் என்பனவே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இது எனக்கு வெறும் ஏட்டாராய்ச்சியன்று. சென்ற தைத் திங்களில் ஒருவர் சென்னையினின்றும் வந்து, ஏரிப்பாசனத்தில் எங்கட்குள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தை விலைக்கு வினவினர். ஆங்கு உல்லாச விடுதி ஒன்று கட்டுதல் அவர் கருத்து. என் தமையனார் நாடோறும் விடியுமுன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் பேருந்தேறிச் செல்பவர்; விற்றுவிடலாம் என்பது அவர் கொள்கை. தந்தையார் விடையிறுத்திலர். பொருளியல் பயிலாத தமிழ் மாணவனாகிய என்னை நோக்கி, "நீ படித்துச் சொல்" என்றனர். படித்தவற்றுட் சில வருமாறு.

முதலாவது, வருவோர் கூட்டத்திற்குக் குறைவில்லை. தொற்றுநோயால் பயணங்கள் சுருங்கியிருந்த 2021-22 ஆம் ஆண்டிலும், தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுள் அயல்நாட்டார் மிகுதியாகக் கண்டது மாமல்லபுரமே. அவர் தொகை 1,44,984. தாஜ்மகாலுக்குச் சென்ற அயல்நாட்டார் 38,922. அம்மாமல்லபுரத்தினின்றும் எம்மூர் இரண்டு மணி நேரப் பயணத்திற்கு உட்பட்டதே. எம்மூரிலும் குடவோலைக் கல்வெட்டு ஒன்றுமட்டும் உளதென நினைத்தல் வேண்டா. பல்லவர் காலத்துச் சுந்தரவரதப் பெருமாள் கோயில் மூன்று நிலைகளையுடையது. நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலங்கள் நிலைக்கொன்றாக அமைந்தன. ஊர்ப்புறத்தே பரந்து கிடக்கும் ஏரி, கல்வெட்டுக்களில் வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்றது. அண்மையிலேயே வேடந்தாங்கல், கார்த்திகை முதற் பங்குனி வரை அங்குப் பறவைகளைக் காணலாம். பாரிசு நகரத்துப் பிரான்சுவா குரோ என்னும் அறிஞரும் நம் நாகசாமி அவர்களும் கூடி எம்மூரைப்பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலே எழுதியுள்ளனர். அது புதுச்சேரியில் 1970-இல் வெளிவந்தது. எம்மூரார் பலர் அதனை அறியார்.

அரசினரும் வாளாவிருந்திலர். 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில், தமிழக அரசு சுற்றுலாவிற்குத் தொழில் என்னும் தகுதியை நல்கி, முதலிடுவோர்க்கு மானியங்களையும் வகுத்தது. ஆகவே சென்னைச் செல்வர் ஏரிக்கரையை நாடி வருதல் வியப்பன்று.

அவர் ஊர் நடுவை விடுத்து ஏரிப்பக்கம் சென்றமைக்கும் ஒரு காரணம் உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் நடுவண் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக்கட்டிடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே எழுப்புதல் வேண்டும். பெருமுதல் இடுவோர்க்கு இஃது இடையூறு. ஆயின், முன்னரே வீடுடையார்க்கு இதுவே பேறு. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திண்ணையும் முற்றமும் உடைய ஓட்டு வீடுகள் இன்னும் சில உள. வந்தவர் ஓரிரவு தங்குதற்கு அவற்றினும் ஏற்ற இடம் யாண்டுளது? பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டமையின், அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன.

நிற்க. சுற்றுலாவால் ஊர்க்குப் பொருள் வரும் என்பார் கூற்று ஒருபாதி மெய்யே. வந்த பொருள் தங்குமோ என்பதே வினா. பொருளியலார் இதனைக் 'கசிவு' என்ப. விடுதியின் உடையவர் வேற்றூரார், சமைப்பவர் வேற்றூரார், காய்கறியும் கட்டிலும் பட்டணத்தினின்றும் வருவன, எனின், விருந்தினர் தந்த நூறு ரூபாயில் ஊரில் எஞ்சுவது தோட்டிக்கும் காவலாளிக்கும் தரும் கூலி மாத்திரமே. கரையில் ஓட்டை விழுந்த ஏரியில் எத்துணை மழை பெய்தும் பயனென்னை?

இதற்கு மருந்து கண்ட நாடொன்று ஆப்பிரிக்காவில் உளது. ருவாண்டா நம் சேர நாட்டினும் சிறியது. 1994-இல் நிகழ்ந்த இனப்படுகொலையால் நிலைகுலைந்தது. அதன் வடமேற்கு மலைக்காட்டில் வாழும் கொரில்லாக் குரங்குகளைக் காண்டற்கு உலகெங்கணுமிருந்து செல்வர் வருகின்றனர். ஒரு மணி நேரம் அவற்றின் அருகே நிற்பதற்குக் கட்டணம், 2017 முதல், ஆளொன்றுக்கு 1,500 அமெரிக்க டாலர்! (என் தமையனார் இதனை நம்ப மறுத்து இருமுறை வினவினர்.) யான் சுட்ட விழைவது அக்கட்டணத்தின் பெருக்கமன்று. 2005-ஆம் ஆண்டு முதல், பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 100-க்கு 5 பங்கு சுற்றுப்புறத்து ஊர்கட்கு ஒதுக்கப்பட்டது. 2017-இல் அது 10 ஆக உயர்ந்தது. அதனால் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் குடிநீர்த் தொட்டிகளும் எழுந்தன. இன்னுமொன்று. சபியின்யோ மலையடியிலே உயர்ந்தோர் தங்கும் விடுதி ஒன்றுண்டு. அதன் உடைமை ஊராரின் சங்கத்திற்கு உரியது. நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். தங்குவோர் தொகைக்கேற்ப அந்நிறுவனம் சங்கத்திற்குப் பங்கு செலுத்துகின்றது. நிலம் கைமாறவில்லை, முதலும் வந்தது.

அத்துணைத் தொலைவு செல்ல வேண்டா என்பார்க்குக் கேரளத்துக் குமரகம் உளது. அங்கு 2008 முதல், விடுதிகள் தமக்கு வேண்டும் காய்கறி முதலியவற்றை ஊர்ப்பெண்டிரின் குடும்பசிறீக் குழுக்களிடமிருந்தே கொள்ளுமாறு ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. சிறு செயலே, ஆயினும் கசிவை அடைக்கும் செயல்.

வேடந்தாங்கலின் செய்தி இவ்விரண்டினும் பழமையானது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலைக் கண்ட ஊரார், அவற்றைத் தம் உறவினர்போற் காத்தனர். வெள்ளைக்காரப் படையினர் வேட்டையாடக் கண்டு முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த பிளேஸ் துரை, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். இன்று அவ்வேரி, 2022 முதல், ராம்சர் உடன்பாட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றுளது. முதல் என்பது பணம் ஒன்றே எனக் கருதுவோர் இதனை எண்ணுக. அவ்வூரார் இட்ட முதல், சுடாதிருத்தலும் சுடவிடாதிருத்தலும் ஆகும்.

இனி, ஊரார் கூடி ஒன்றை ஆளுதல் இயலுமோ, கணக்கில் மோசம் வாராதோ என்று ஐயுறுவார்க்கு விடை எம்மூர்ச் சுவரிலேயே உளது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்குவர். ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்குபவன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். வேறோர் ஓலையை மறைத்து வைத்திலன் என்பதை யாவரும் காணுதற்கு! இங்ஙனம் ஏரி வாரியத்திற்கு அறுவரும், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரும், சம்வற்சர வாரியத்திற்குப் பன்னிருவரும் ஆயினர். அவர் பதவி 360 நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் மீண்டும் குடத்திற் புகாது. அவனுடைய உறவினர் பெயரும் புகாது. இவ்விதி ஒன்றே இன்றைய சங்கங்கள் பலவற்றுக்குப் போதும்.

அச்சபையைப் புகழ்வோர் மறைக்கும் ஒன்றையும் சொல்லுதல் நேர்மை. அது பிரமதேயச் சபை. வரியிறுக்கும் நிலமும் தன்மனையில் எடுத்த வீடும் வேதப் பயிற்சியும் உடைய, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட ஆடவர்க்கே ஆங்கு இடம். கிறித்தவக் குடியிற் பிறந்த பத்தொன்பது வயதினனாகிய யான் எத்துணை ஆண்டு காத்திருப்பினும் என் ஓலை குடத்திற் புகுந்திராது. ஏரி வெட்டிய கூலியாள் ஓலையும் புகுந்திராது. ஆகவே யாம் கடன் கொள்ளற்பாலது அக்கணக்கு முறையையேயன்றி அவ்வேலியையன்று.

இவற்றையெல்லாம் வீட்டில் எடுத்துரைத்தேன். எம்மூர்க்கு இப்பொழுது வேண்டும் முதல் சிறிது என்பதே என் துணிபு. தூய கழிப்பிடம் ஒன்று. கல்லெழுத்தைப் படித்துச் சொல்ல வல்ல இளைஞர் நால்வர், அவரைப் பயிற்ற ஓர் ஆசிரியர். ஏரிக்கரையைச் சுற்றிவர வாடகை மிதிவண்டிகள். பழைய வீடுகளில் பத்துப் பன்னிரண்டு அறைகள். தங்குதற்கு அறையும் கேட்டற்குக் கதையும் உளவாயின், கால் மணி நேரம் ஓரிரவாக நீளும். வேடந்தாங்கலுக்கு விடியற்காலத்தில் செல்ல விழைவோர்க்கு எம்மூரிற் படுத்தெழுதல் எளிது. கல்லெழுத்துப் பயிற்சிக்கு நம் கல்லூரித் தமிழ்த்துறை கைகொடுக்குமாயின், கோடை விடுமுறையில் ஒரு வகுப்பு நடத்தலாம். பேராசிரியர்கள் இதனை என் விண்ணப்பமாகவே கொள்வாராக.

தந்தையார் நெடுநேரம் கேட்டிருந்து, சென்னையார்க்குத் தாமே கடிதம் எழுதினர். நிலம் விலைக்கில்லை, ஆண்டுக் குத்தகைக்கும் வருவாயில் ஒரு பங்குக்கும் இசைவராயின் பேசலாம் என்பது கடிதத்தின் கருத்து. மூன்று திங்கள் கழிந்தும் மறுமொழி வந்திலது. தமையனார் அதனை என் படிப்பின் பயன் என்று சொல்லி நகைக்கின்றனர்.

இதனிடையே, எங்கள் வீட்டு முன்னறைகள் இரண்டனையும் விருந்தினர்க்கெனச் செப்பஞ்செய்யத் தொடங்கியுள்ளோம். பறவைக் காலத்திற்குள் சுண்ணம் பூசி முடித்தல் வேண்டும். குளியலறை ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் மட்டும் தமையனாரும் யானும் இன்னும் ஒத்திலேம்.