மரை கழன்றால் என்ஜினுக்கு முடிவா?

முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவரை ‘மரை கழன்றவர்’ என்று கேலி செய்வது நம் பேச்சு வழக்கு. தமிழ்நாட்டிலும் இது உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு. போல்ட்டின் உடம்பிலும் நட்டின் உட்புறத்திலும் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிகள்தான் மரை. அது தேய்ந்துவிட்டால் போல்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். எதையும் இறுக்கிப் பிடிக்காது.

நாற்காலியின் நட்டு கெட்டுப்போனால் கவலை இல்லை. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் பக்கம் உள்ள இரும்புச் சாமான் கடைகளில் வேறு நட்டு வாங்கி மாட்டிவிடலாம். காரின் என்ஜின் பிளாக்கில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே தனியாக நட்டு என்று ஒன்று இல்லை. பிளாக்கின் உலோகத்திலேயே துளையிட்டு மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை போய்விட்டால், மாற்ற வேண்டியது சில காசு பெறும் நட்டை அல்ல, முழு பிளாக்கையே என்ற நிலை வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் இது சின்னக் கவலை அல்ல. 1990ஆம் ஆண்டு மே மாதம் முதல் இங்கே வாகன உரிமைச் சான்றிதழ் இல்லாமல் புதிய கார் வாங்க முடியாது. அந்தச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். பிறகு பணம் கட்டி 5 ஆண்டுகளுக்கோ 10 ஆண்டுகளுக்கோ நீட்டிக்கலாம். கடன் வாங்கி நீட்டித்த குடும்பத்திடம் பட்டறையில் “பிளாக் போய்விட்டது, என்ஜினை மாற்ற வேண்டும்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? உண்மையில் பல நேரங்களில் அந்த என்ஜினைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அந்த வழி என்ன என்பது கார் வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மரை ஏன் கெடுகிறது?

பழைய என்ஜின் பிளாக்குகள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. எடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகப் பல நிறுவனங்கள் அலுமினியத்துக்கு மாறின. அலுமினியம் எஃகைவிட மென்மையானது. சூடேறும்போது எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிளாக் அலுமினியம், போல்ட் எஃகு என்றால் ஒவ்வொரு முறை என்ஜின் சூடாகும்போதும் போல்ட்டின் இழுவை கூடுகிறது, ஆறும்போது குறைகிறது. பல ஆண்டுகள் இப்படி இழுபட்டால் தோற்பது மென்மையான அலுமினிய மரைதான்.

பிளாக்கின் மேல் சிலிண்டர் ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டுகளுக்குச் சுமை மிக அதிகம். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 20 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கி, நடுவில் உள்ள கேஸ்கெட் கசியாமல் காப்பது இந்த போல்ட்டுகள்தான். அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்ற பழமொழி இவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

இதோடு மனிதர் செய்யும் தவறுகளும் சேர்கின்றன. அளவு பார்க்காமல் இறுக்குவது, சூடான என்ஜினில் போல்ட்டைக் கழற்றுவது, கோணலாக நுழைந்த போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகுவது எல்லாமே மரையைச் சிதைக்கும். குளிர்காலம் இல்லாத ஊர்தானே என்று ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. கூலண்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து நீர்த்துப்போனால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

உலகறிந்த உதாரணம்

2000களின் தொடக்கத்தில் டொயோட்டா கேம்ரி, எஸ்டிமா போன்ற வண்டிகளில் வந்த 2.4 லிட்டர் ‘2ஏஇசட்-எஃப்இ’ என்ஜின் பல நாடுகளில் பெயர் பெற்றது. அதில் பலவற்றில் சில ஆண்டுகள் கழித்து ஹெட் போல்ட்டின் மரை பிளாக்கிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. பெரும்பாலும் என்ஜினின் பின்பக்க வரிசையில் இது நடந்ததால் கூலண்ட் கசிவது எளிதில் கண்ணில் படவில்லை. தண்ணீர் குறைகிறது, சூடு ஏறுகிறது, காரணம் மட்டும் தெரியவில்லை என்று பலர் தவித்தார்கள். பின்னாளில் வந்த பிளாக்குகளில் மரையின் நீளம் கூட்டப்பட்டது. அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் வந்த நார்த்ஸ்டார் வி8 என்ஜினுக்கும் இதே தொல்லை இருந்தது. இந்த இரண்டு வகை என்ஜின்களையும் மரை சீரமைப்பு மூலம் காப்பாற்றியவர்கள் ஏராளம்.

சரியான வைத்தியம்

மரையைச் சீரமைக்கும் முறை கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். கெட்டுப்போன துளையை மூடுவதில்லை, இன்னும் பெரிதாக்குகிறார்கள். 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால், பழைய மரை முழுவதும் நீங்கும்படி 10.4 மி.மீ. அளவில் துளையிடுவார்கள். அதற்கென்றே உள்ள டேப் கருவியால் புதிய, பெரிய மரை வெட்டுவார்கள். அதற்குள் எஃகு உறை ஒன்றைத் திருகுவார்கள். உறையின் உட்புறத்தில் பழைய போல்ட்டுக்குப் பொருந்தும் மரை தயாராக இருக்கும்.

உறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஸ்பிரிங் போன்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள். ‘ஹெலிகாயில்’ என்ற பெயரில் பரவலாக அறியப்பட்ட இது, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே விமான என்ஜின்களில் பயன்பட்டது. மற்றொன்று, உள்ளும் புறமும் மரை வெட்டிய கெட்டியான குழல். ‘டைம்-செர்ட்’ இந்த வகை. ஹெட் போல்ட் போன்ற கடுஞ்சுமை உள்ள இடங்களில் பலரும் இதையே விரும்புகிறார்கள்.

சரியாகப் பொருத்தினால், சீர்செய்த மரை பழைய மரையைவிட உறுதியாக இருக்கும். காரணம் எளிது. போல்ட் இப்போது எஃகில் பிடிக்கிறது. அலுமினியத்தைப் பிடிப்பது அளவில் பெரிய வெளி மரை என்பதால் சுமை அதிகப் பரப்பில் பகிரப்படுகிறது.

ஆனால் கைத்திறன் வேண்டும். துளை நேராக இறங்க, பிளாக்கில் பொருத்தும் வழிகாட்டிச் சட்டம் தேவை. வெட்டிய உலோகத் தூள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம். நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும். “கைப்பழக்கம் போதும்” என்பது இங்கே செல்லாது.

பசையை ஊற்றி, டேப் சுற்றி, தடிமனான போல்ட்டை அடித்து இறக்குவது வைத்தியம் அல்ல. ஹெட் போல்ட்டில் அந்த வேலை சில நாள் தாங்கலாம். பிறகு விரைவுச்சாலை நடுவே என்ஜின் கொதிக்கும். அதற்குள் வண்டி கைமாறியிருந்தால், விவரம் அறியாமல் வாங்கியவர் தலையில் அந்தச் சுமை விழும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும், என்ஜினை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். கெட்டது மரை மட்டுமா, பிளாக்கில் விரிசல் உண்டா? ஹெட்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று அளந்தீர்களா? சுருளா, குழலா, எதைப் போடுவீர்கள்? ஒரு துளைக்கு மட்டுமா, மற்றத் துளைகளையும் சோதிப்பீர்களா? புதிய ஹெட் போல்ட் போடுவீர்களா? ஒருமுறை நீண்டுவிட்ட போல்ட்டுக்குப் பழைய பிடிப்பு திரும்ப வராது என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம்.

விரிசல் நீர்ப்பாதை வரை ஓடியிருந்தாலோ, துளையைச் சுற்றி உலோகம் மிக மெலிந்திருந்தாலோ பிளாக்கை மாற்றுவதே நியாயம். அதையும் நேர்மையான மெக்கானிக் காட்டி விளக்குவார். கழற்றிய போல்ட்டில் அலுமினிய மரை கம்பிபோல் சுற்றிக்கொண்டு வந்திருக்கும். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். என்ஜினை மாற்றுவதா, மரையை மாற்றுவதா என்ற பேச்சை அந்த இடத்தில் தொடங்கினால், இழப்பு பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு.