குருவிக்குத் தினை கேட்டு வருபவருக்கு என்ன சொல்வது?

"அண்ணாச்சி, குருவிக்குத் தினை இருக்கா?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளர் இன்று எல்லா ஊர்க் கடைக்கும் உண்டு. அவரே ஒரு மாதம் கழித்து வந்து, "ஜோடி வாங்கி ஆறு மாசமாச்சு, முட்டையே வைக்கலையே" என்று நம்மிடம் குறைப்படுவார். பறவைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை மளிகைக்காரரிடம் கேட்கிறாரே என்று தள்ளிவிட வேண்டாம். அவருக்கான பதிலில் பாதி நம் மூட்டையில்தான் இருக்கிறது.

நம் பக்கம் கூண்டில் அதிகம் வளர்வது ஜீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியப் பறவை. எடை 12 கிராம் அளவுதான். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டும் மார்பில் கறுப்பு வரியும் இருக்கும். பெண்ணுக்கு இரண்டும் இல்லை. வெள்ளை ரகமாக இருந்தால் அலகைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு வெளிர் ஆரஞ்சு. வாடிக்கையாளரிடம் முதலில் இதைக் கேட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் இரண்டு பெண் குருவிகளை ஜோடி என்று வாங்கி வந்தவர்கள் பலர். அவையும் முட்டையிடும், அடைகாக்கும். குஞ்சு மட்டும் வராது.

இனி நம் சரக்குக்கு வருவோம். தினை என்று கேட்டவுடன், சமையலுக்கு விற்கும் தினையரிசியை நிறுத்துக் கொடுத்துவிடுகிறோம். அது உமி நீக்கியது. குருவிக்கு வேண்டியது உமியோடு உள்ள முழுத் தினை. உமி போன தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும், முளைக்காது. முளைப்பதுதான் இதில் முக்கியம். அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் வாடிக்கையாளருக்கு விளக்குவது எளிது.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இந்தக் குருவிகள் மாதக் கணக்குப் பார்த்துக் கூடு கட்டுவதில்லை. மழை பெய்து, புல் வளர்ந்து, பால் பிடித்த இளம் விதை கிடைக்கத் தொடங்கும்போதுதான் கட்டும். குஞ்சுக்கு ஊட்ட மென்மையான தீனி உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். வருடம் முழுதும் காய்ந்த தினையை மட்டும் போட்டால், அந்தக் குருவிக்கு அது பஞ்ச காலம். எனவே தினையை இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் நன்றாக அலசிக் கொடுக்கச் சொல்லுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். கூடவே அவித்த முட்டையை மசித்து ஒரு சிட்டிகை, குளிக்க ஒரு தட்டில் தண்ணீர். இவ்வளவும் சேர்ந்தால் கூண்டுக்குள் மழைக்காலம் வந்த மாதிரிதான்.

சரக்கு நல்லதா என்று நாமும் இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம். நூறு மணியை எண்ணி ஈரத் துணியில் வைத்தால் பெரும்பாலும் முளைக்க வேண்டும். பாதிகூட முளைக்காத மூட்டை பழையது, அல்லது ஈரம் கண்டது. பூஞ்சை வாடை அடிக்கும் தானியத்தைப் "பறவைக்குத்தானே" என்று தள்ளிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. 12 கிராம் உடம்பு அதைத் தாங்காது. விதைக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று மருந்து கலந்த விதைத் தினையை வாங்கிக் கலப்பது அதைவிடக் கேடு. நிறம் ஏற்றிய விதையைக் கண்டால் தொடவே வேண்டாம்.

இன்னொரு செய்தி; இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் பல குருவிகள் பிழைக்கும். ஃபின்ச் உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் தின்னும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். அடியில் ஒரு மணி இருக்காது. தினமும் உமியை ஊதிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டுக்குச் சிறு மண் கலயமோ பிரம்புக் கூடையோ போதும். கூண்டின் மேல் மூலையில், காற்றும் நேர் வெயிலும் படாத இடத்தில் கட்டலாம். உள்ளே மெத்தையிட உலர்ந்த புல், தேங்காய் நார். நீள நூலும் பஞ்சுச் சிக்கலும் காலில் சுற்றிக்கொள்ளும், ஆகாது. முதல் முட்டை விழுந்ததும் மீதி நாரை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஆண் குருவி ஓயாமல் கொண்டுவந்து முட்டையின் மேலேயே மெத்தை போட்டு மூடிவிடும். அதன் மேல் பெண் மறுபடி முட்டையிடும். வழக்கமாக 4 முதல் 6 முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து இரண்டு வாரத்தில் பொரிக்கும். அடுத்த மூன்று வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளிவரும், தானாகத் தின்ன இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு பெண் குருவி இறப்பது உண்டு. சுண்ணாம்புச் சத்துக் குறைவு முக்கியக் காரணம். நாட்டு மருந்துச் சரக்கில் உள்ள கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, இதற்குக் கைகண்ட பொருள். ஒரு துண்டைக் கூண்டுக் கம்பியில் செருகிவிட்டால் குருவி தானே கொத்திக்கொள்ளும். தினையோடு இதையும் எடுத்து வைப்போர்க்கு விற்பனையும் கூடும். ஆறு மாதம் நிறையாத பெண்ணுக்குக் கூடு வைக்காமல் இருப்பதும் நல்லது.

கடை வாசலில் நாமே கூண்டு வைத்து விற்கலாமா என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் விற்க முடியாது. மேலும், நம் வயல்களில் திரியும் சில்லைகளைப் பிடித்து, சில நேரம் சாயம் பூசியும், ஃபின்ச் என்று கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். அவற்றை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜாவா குருவி வெளிநாட்டினம்தான் என்றாலும், அதை வைத்திருப்பவர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். ஜீப்ரா ஃபின்ச்சுக்கு அந்தப் பதிவுத் தொல்லை இல்லை.

குஞ்சு பொரித்துவிட்டது என்று மகிழ்ந்து வரும் வாடிக்கையாளருக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள். இந்த ஜோடி நிறுத்தாது. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் விட்டால் பெண் குருவி உருகிவிடும். கலயத்தை மட்டும் எடுத்தால் போதாது, தீனிக் கிண்ணத்திலேயே முட்டையிடும். முளைத் தினையையும் அவித்த முட்டையையும் சேர்த்து நிறுத்தி, சில மாதம் காய்ந்த தினையும் கீரையும் மட்டும் போட வேண்டும்.