பெட்ரோல் பிக்கப் இழுக்கவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்!

"காய் ஏற்றிக்கொண்டு போகும் சின்ன சரக்கு வண்டி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. லோடு ஏறினால் திக்கித் திக்கி ஓடுகிறது. பிளக் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே நானே மாற்றிக்கொள்ளலாமா?"

குடியாத்தம் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. பயிருக்கு மருந்து சொல்கிறவரிடம் வண்டிக்கு மருந்து கேட்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம இலவம்பாடி முள் கத்திரிக்காயாகவே இருந்தாலும், உழவர் சந்தைக்கு விடியலில் போனால் ஒரு விலை, வெயில் ஏறிப் போனால் வேறு விலை. வண்டி பாதி வழியில் நின்றால் அன்றைய பறிப்புக் கூலிகூடத் தேறாது. அதனால் இதுவும் விவசாயக் கேள்விதான்.

பதில்: மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி பெட்ரோலா, டீசலா?

பொலேரோ பிக்கப், டீசல் தோஸ்த், பழைய டாடா ஏஸ் போன்றவை டீசல் வண்டிகள். 2005-ல் முதலில் வந்த ஏஸ் டீசலில்தான் வந்தது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறது. குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகச் சிலவற்றில் 'ஹீட்டர் பிளக்' இருக்கும். அது வேறு சாமான். டீசல் வண்டியில் பிளக்கைத் தேடுகிறேன் என்று தலையில் இருக்கும் இரும்புக் குழாய்களைத் தளர்த்திவிடாதீர்கள். இப்போதைய டீசல் எஞ்சின்களில் அந்தக் குழாய்க்குள் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போலச் சில நூறு மடங்கு. பீறிட்டு வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். கையையே எடுக்க வேண்டி வரலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு சின்ன சரக்கு வண்டிகளில் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் பெருகிவிட்டன. ஏஸ் கோல்டு பெட்ரோலில் இரண்டு சிலிண்டர், 694 சி.சி. மாருதி சூப்பர் கேரி பெட்ரோலில் நான்கு சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு பிளக் என்று கணக்கு வையுங்கள். நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் வண்டி நொண்டிக்கொண்டு வீடு வந்து சேரும். இரண்டில் ஒன்று போனால் பாதி எஞ்சின் போனதுபோல. லோடோடு ஒரு மேட்டில்கூட ஏறாது.

பிளக்கின் வேலை, சரியான நொடியில் ஒரு பொறி கொடுப்பது. அவ்வளவுதான். அந்தப் பொறி பலவீனமானால் காலையில் செல்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நிற்கும்போது வண்டி உதறும், பெட்ரோல் செலவு கூடும், சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அலட்சியமாக இருக்காதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய் அங்கே எரிகிறது என்று அதற்கு அர்த்தம். அந்தக் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வெந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் செலவு. சாதாரண பிளக் ஒன்று நூறு, இருநூறு ரூபாய். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம்ம பகுதிக்கென்று ஒரு சங்கதியும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள், அது முன்பு உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய வண்டியா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தோலிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தொட்டியை மட்டும் அரிப்பதில்லை. வயர் முனை, பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த், பிளக் மேல் உட்காரும் காயிலின் கனெக்டர் எல்லாவற்றிலும் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துவிடும். பிளக் புதிதாக இருந்தும் வண்டி மிஸ் ஆனால் இந்த முனைகளைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இத்தகைய வண்டியில் பிளக்கின் மரையும் துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றும்போது இதை நினைவில் வையுங்கள்.

வேலைக்கு உட்காரும் நேரம் முக்கியம். சந்தைக்குப் போய் வந்த சூட்டோடு கை வைக்காதீர்கள். எஞ்சின் தலை அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும். ராத்திரி நிறுத்திய வண்டியை மறுநாள் காலை பார்ப்பது நல்லது. வேலூர் சித்திரை வெயிலில் வெளியே நின்ற வண்டி மத்தியானத்தில் ஓடாமலேயே சூடாகத்தான் இருக்கும்.

பிளக் ஸ்பேனர், நீட்டிப்பு ராடு, 10 எண் ஸ்பேனர், பில்லர் கேஜ், சைக்கிள் பம்ப், ஒரு முழ நீளப் பழைய பெட்ரோல் டியூப். இவை போதும். பிளக் ஸ்பேனர் 16 அல்லது 14 மி.மீ. ஆக இருக்கலாம், வண்டியைப் பொறுத்தது. உள்ளே ரப்பர் வைத்ததாக வாங்குங்கள். அது பிளக்கைப் பிடித்துக்கொள்ளும், பீங்கானும் உடையாது.

பல சின்ன சரக்கு வண்டிகளில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சி.என்.ஜி. வண்டியானால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, திறந்தவெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

காயிலின் கனெக்டரில் ஒரு பூட்டு இருக்கும். அதை அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாகத் திருகி நேராக மேலே எடுங்கள். இப்போது கீழே ஒரு பள்ளம் தெரியும். அதற்குள் நம்ம ஊர்ச் செம்மண் தூசு கிடக்கும். பிளக்கைக் கழற்றினால் அந்தத் தூசு அப்படியே சிலிண்டருக்குள் விழும், உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். அதனால் முதலில் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். பிளக்கைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி ஊதுங்கள். அப்புறம் முழுதாகக் கழற்றுங்கள். அசையாமல் இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுவிட்டு அரைமணி நேரம் பொறுத்து, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுங்கள். அப்போதும் வராவிட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பிளக் உள்ளே முறிந்தால் தலையையே இறக்க வேண்டி வரும்.

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் வயர் மாறிப்போகும். கழற்றிய பிளக்குகளை ஒரு செய்தித்தாளில் 1, 2 என்று எழுதி அந்தந்த எண்ணுக்கு நேரே வையுங்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பழைய பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதைப் போட்டு மூடிவிடுகிறார்கள். இலையின் நிறத்தைப் பார்த்து எந்தச் சத்து குறைவு என்று சொல்கிறோம் இல்லையா, அதேபோல் பிளக் மூக்கின் நிறத்தைப் பார்த்து எஞ்சினைப் பற்றிச் சொல்லலாம்.

மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நன்றாக எரிகிறது. முனை மட்டும் தேய்ந்து உருண்டிருந்தால் ஆயுள் முடிந்தது, புதிது போட்டால் சரியாகிவிடும். அடுப்புக்கரி போல் உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் பில்டரைத் தட்டிப் பாருங்கள். கடலைக்காய் அடித்த களத்திலும் மண் பாதையிலும் ஓடும் வண்டியில் அது அடைத்துத்தான் இருக்கும். பில்டரை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் சீக்கிரமே புதிதும் கறுத்துவிடும். தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியிலும் இப்படிக் கரி பிடிக்கும், எஞ்சின் சூடேற நேரமே கிடைப்பதில்லை.

கறுப்போடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அது பிளக்கால் தீராத வியாதி. பெட்ரோல் நனைந்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறியே விழவில்லை, காயிலைச் சந்தேகப்படுங்கள். இரண்டு சிலிண்டர்களின் காயிலை இடம் மாற்றிப் போட்டு, ஈரமும் காயிலோடு இடம் மாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். சுண்ணாம்பு போல் வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் வண்டி அளவுக்கு மீறிச் சூடாகிறது. ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள், பிளக் எண் சரியானதா என்றும் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் மாறுபட்டிருந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரில். நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் காற்று, பெட்ரோல் போன்ற பொதுவான விஷயத்தில். செய்தித்தாளில் எண் போட்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

கடைக்குப் போகும்போது பழைய பிளக்கையும் வண்டியின் கையேட்டையும் எடுத்துப் போங்கள். "இதே சைஸ்தான்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்கிவிடாதீர்கள். ஒரே மரை, ஒரே நீளம் இருந்தாலும் சூடு தாங்கும் தரம் வேறாக இருக்கும். எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான ரகம். கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் எண்ணை வைத்து ஒப்பிட்டால் தலைகீழாகிவிடும். (பெரியவர்கள் இன்னும் 'மைக்கோ பிளக்' என்றே கேட்கிறார்கள். 1951-ல் தொடங்கிய அந்த மைக்கோதான் 2008 முதல் பாஷ் என்ற பெயரில் இருக்கிறது.) கையேட்டில் எழுதிய எண்ணையோ, கம்பெனிப் பட்டியலில் அதற்கு நேரான எண்ணையோ மட்டும் வாங்குங்கள்.

புதிய பிளக்கிலும் இடைவெளியைச் சரிபாருங்கள். பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். சரிசெய்வதானால் வெளிக்கொம்பை மட்டும் லேசாக வளையுங்கள். நடுக்கம்பியை நெம்பக் கூடாது. இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசி போல மெல்லியது. அதில் வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் படவே கூடாது.

இப்போது பெட்ரோல் டியூபுக்கு வேலை. டியூபின் ஒரு முனையைப் பிளக்கின் தலையில் செருகி, பள்ளத்துக்குள் இறக்கி, விரலால் டியூபைச் சுற்றுங்கள். மரை நேராகப் பிடித்தால் சுலபமாக இறங்கும். கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை தப்பித்துக்கொள்ளும். ஸ்பேனரில் இருக்கும் பலம் டியூபில் இல்லை, அதுதான் இதன் நன்மை. எடுத்தவுடன் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால், கோணல் மரையையும் அது முறுக்கித் தள்ளிவிடும். பிறகு லேத் பட்டறைக்குப் போய்ப் புதிய மரை போட வேண்டியதுதான்.

கையால் இறுகிய பிறகு ஸ்பேனர். வாசர் உள்ள புதிய பிளக்குக்கு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குள். டப்பாவில் படம் போட்டிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாசர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவு திருப்பினால் போதும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. புதிய பிளக்கில் மரைக்குப் பூச்சு உண்டு. அதன்மேல் கிரீஸும் தடவினால் நமக்குத் தெரியாமலேயே அளவுக்கு மீறி இறுகிவிடும்.

காயிலைச் செருகும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். போல்ட், கனெக்டர், கடைசியில் பேட்டரி.

இன்னொரு பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் சாய்த்து வைத்து, செல்ப் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது. இப்போதைய காயில்கள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் கொடுக்கின்றன. கைக்கு ஆபத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஆபத்து. பிளக் இல்லாத துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும்போது பக்கத்திலேயே பொறி விழுந்தால் தீப்பிடிக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது? சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 வரை, இரிடியம் அதைவிட நிறைய தாங்கும். சி.என்.ஜி.யில் சீக்கிரம் தேயும். கையேட்டில் எழுதியதே முடிவு. அதற்கு இடையில் ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழிப் பனி தொடங்கும் முன், கழற்றிப் பார்த்தால் போதும்.

பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் கருவி வைத்திருப்பவர்களும் இதே கண்ணோடு பாருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயில் கலக்கிறோம். 'கொஞ்சம் கூடுதலாக விட்டால் எஞ்சினுக்கு நல்லது' என்று கண்ணளவில் ஊற்றுகிறவர்களின் பிளக்தான் எப்போதும் கரியும் பிசுக்குமாக இருக்கும். கருவியின் புத்தகத்தில் சொன்ன அளவை அளவுக் குவளையில் ஊற்றுங்கள். இந்தச் சாதாரண பிளக்கைப் பெட்ரோலில் கழுவி, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர்த்தி மறுபடி போடலாம். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.